புல் மேயும் மட்டக்குதிரையின் எடையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் போனி எனப்படும் மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், ஏப்ரல், மே மாதங்களில் பேச்செல்லாம் புல்லைப் பற்றித்தான் இருக்கும். பந்தயக் குதிரை வைத்திருப்பவருக்கு வரமாக இருக்கும் பச்சைப் புல்வெளி, ஷெட்லாண்ட், வெல்ஷ், எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட், ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் போன்ற அந்தத் தீவின் சொந்த இனப் போனிகளைக் காலே ஊன்ற முடியாமல் முடக்கிப் போட்டுவிடும். "புல்தானே, குதிரை புல் தின்னாமல் வேறு என்ன தின்னும்?" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அந்தப் போனிகளில் எத்தனையோ கோடைக்குள் லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் வந்து வலியில் நிற்கின்றன. தடுக்கக்கூடிய வலி அது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: போனியின் வயிற்றுக்குள் போகும் சர்க்கரையையும் கலோரியையும் குறைக்க வேண்டும், அது மெல்லும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. பட்டினி போட்டு இளைக்க வைக்க நினைத்தால் போனி செத்தே போகலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சினையாக இருக்கும் பெட்டை, பால் கொடுக்கும் பெட்டை, வளரும் குட்டி, வேறு நோயுள்ள போனி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குக் கால்நடை மருத்துவரே நேரில் பார்த்துத் திட்டம் போட வேண்டும்.

இந்தப் போனிகள் மட்டும் ஏன் காற்றைக் குடித்தே குண்டாகின்றன?

எக்ஸ்மூர் போனி தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டுப் புதர்நிலத்தில் வாழ்ந்தது. ஷெட்லாண்ட் போனி ஸ்காட்லாந்துக்கு வடக்கே மரமே அதிகம் இல்லாத, காற்று ஓயாத தீவுகளில் வாழ்ந்தது. வேல்ஸின் வடபகுதியில் கார்னெடாய் மலைகளில் இன்றும் காட்டுத்தனமாகத் திரியும் போனிக் கூட்டம் உண்டு. அங்கெல்லாம் கிடைப்பது முரட்டுப் புல், ஹெதர், முள் நிறைந்த கோர்ஸ் புதர், சதுப்பில் முளைக்கும் கோரை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைத்ததையெல்லாம் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும், குளிர்காலத்தில் அதைக் கரைத்துக் காலம் தள்ளும், மார்ச் மாதம் வரும்போது ஒட்டி உலர்ந்து நிற்கும். பல தலைமுறைகளாக இந்தச் சுழற்சியில் பிழைத்தவைதான் இனம் பெருக்கின. எனவே கொஞ்சம் தின்று நிறையச் சேமிப்பது அவற்றின் உடம்பிலேயே ஊறிப்போனது.

இப்போது அதே போனியை நாம் எங்கே விடுகிறோம்? பால் மாடுகளுக்கென்று விதைத்து உரம் போட்ட ரை புல், க்ளோவர் வயலில். குளிர்காலத்தில் மேலே போர்வை, முன்னால் எந்நேரமும் உலர்புல், சாயங்காலம் ஒரு வாளி தீவனம். வேலை என்று பார்த்தால் சனிக்கிழமை பிள்ளைகளோடு அரை மணி நேரம். இளைக்க வேண்டிய குளிர்காலத்தில் இளைப்பதே இல்லை, போன வருடக் கொழுப்பின் மேலேயே அடுத்த வருடக் கொழுப்பு ஏறுகிறது. சில வருடங்களில் பிடரி மேடு தட்டிவிடும்.

கொழுப்பு வெறும் சுமையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. குண்டான போனிகள் பலவற்றில் இன்சுலின் கட்டுப்பாடு கெட்டுப்போகிறது. சர்க்கரை அதிகமுள்ள புல்லைத் தின்றதும் ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக ஏறி, நீண்ட நேரம் அப்படியே நிற்கிறது. குளம்பின் உள்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குத் திசுக்கள் இதனால் நீண்டு பலவீனமாகின்றன. போனியின் மொத்த எடையும் அந்தத் திசுக்களில்தான் தொங்குகிறது. அவை விட்டுக்கொடுத்தால் எலும்பு சாயும், மோசமான நிலையில் கீழே இறங்கிக் குளம்பின் அடியையே துளைத்துவிடும். லேமினைட்டிஸ் என்பது இதுதான். மேய்ச்சலில் இருக்கும் போனிகளுக்கு வரும் லேமினைட்டிஸில் பெரும்பாலானவை இப்படி ஹார்மோன் கோளாறு வழியாக வருபவை.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணை நம்பாதீர்கள். தினமும் பார்க்கும் போனி குண்டாவது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. போதாததற்கு, குண்டுப் போனிகளையே பார்த்துப் பார்த்துப் பழகியதில், சரியான எடையில் இருக்கும் போனியைப் பார்த்தால் "ஐயோ, இளைத்துக் கிடக்கிறதே" என்று தோன்றுகிறது. கண்காட்சி வளையங்களிலும் கொழுத்த போனிகளுக்கே பரிசு போகும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது, அதன் பாதிப்பு இன்னும் நம் கண்ணில் இருக்கிறது.

அதனால் கையைப் பயன்படுத்துங்கள். உள்ளங்கையை விலாவில் தட்டையாக வைத்து, அழுத்தாமல் லேசாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அழுத்திப் பிசைந்து தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் கொழுப்பு அதிகம். அடுத்து தோளுக்குப் பின்னால், வாலின் அடியில் இருபுறமும், முதுகின் நடுவில் தொட்டுப் பாருங்கள். முதுகெலும்பு ஓடும் இடத்தில் ஒல்லியான மேட்டுக் கோடு இருக்க வேண்டியதற்குப் பதிலாகப் பள்ளம் விழுந்து, மழைநீர் அதில் வாய்க்கால் போல ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

பிடரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கழுத்தின் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். மெல்லியதாக, எளிதாக மடிந்தால் நல்லது. தடித்து, கையை நிரப்பினால் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. நேற்று வரை ஆட்ட முடிந்த பிடரி இன்று கல்லாக இறுகி ஆடவே மறுத்தால் அன்றே புல்லிலிருந்து எடுத்து, கால்களைக் கவனித்து, மருத்துவரிடம் பேசுங்கள். லேமினைட்டிஸுக்கு முன்னால் இப்படி இறுகுவதைப் பல போனிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை பிரிட்டனில் பரவலாக இருக்கிறது. 0 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் மிதமிஞ்சிய கொழுப்பு. நம் இலக்கு 2.5 முதல் 3 வரை. 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் இன்னொரு முறையும் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். நார் அதிகமாகத் தின்னும், வேலை செய்யாத போனிக்கு வயிறு தொங்கும். கழுத்தும் புட்டமும் ஒட்டிப்போன போனிக்கும் வயிறு மட்டும் பெரிதாக இருக்கலாம்.

எடை தெரிய மிகச் சிறந்தது எடைமேடை. கால்நடை மருத்துவமனைகளில் இருக்கும், சில தீவன நிறுவனங்கள் வண்டியில் கொண்டுவந்தும் எடை போடுகின்றன. கிடைக்காவிட்டால் டேப். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டைச் சுற்றி மார்புச் சுற்றளவை எடுங்கள், போனி மூச்சை வெளியே விட்டு முடிக்கும்போது படியுங்கள். தோள்முனையிலிருந்து புட்டத்தின் முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். உதாரணத்துக்குச் சுற்றளவு 145, நீளம் 130 என்றால் ஏறத்தாழ 230 கிலோ. சின்ன வெல்ஷ் மலைப் போனிக்கு இது நடக்கக்கூடிய எடைதான்.

இந்தக் கணக்கு சில கிலோ முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஆள், அதே நேரம், அதே டேப். அதோடு வயிற்றின் அகலமான இடத்திலும் ஒரு சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதிவையுங்கள். இளைக்கத் தொடங்கும்போது பல போனிகளில் மதிப்பெண் அப்படியே நிற்கும், சுற்றளவுதான் முதலில் குறையும். அதைப் பார்க்காதவர்கள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சலித்துக்கொண்டு முயற்சியையே கைவிட்டுவிடுவார்கள். பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் ஒரே இடத்தில் நிறுத்திப் போட்டோவும் எடுங்கள்.

பிடரி தடித்த போனி, முன்பு ஒருமுறையாவது லேமினைட்டிஸ் வந்த போனி என்றால் தொடங்குவதற்கு முன்பே இன்சுலின் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 15 வயதைத் தாண்டியிருந்தால் குஷிங்ஸ் என்ற ஹார்மோன் நோய்க்கான பரிசோதனையும் சேர்த்து. அது இருந்தால் எடையைக் குறைப்பது மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

எவ்வளவு தின்னலாம்?

எடை குறைய வேண்டிய போனிக்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்க்கும் எடை இது. 230 கிலோ போனிக்கு 3.45 கிலோ உலர்பொருள். உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பதால் தராசில் ஏறத்தாழ 4 கிலோ உலர்புல். இதற்கும் கீழே போவது மருத்துவர் சொல்லி, அவர் மேற்பார்வையில் மட்டுமே.

தராசு என்று சொன்னதைக் கவனியுங்கள். "ஒரு கட்டு", "ரெண்டு கை" என்பதெல்லாம் அளவே இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். சூட்கேஸ் எடை பார்க்கும் சின்னக் கொக்கித் தராசை வாங்கி லாயத்தின் கதவில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை குறைந்தால் போதும். 230 கிலோ போனிக்கு வாரம் ஒன்று, இரண்டு கிலோ. பொறுமை வேண்டும்.

வேகமாகக் குறைக்கப் பார்த்தால் வருவதுதான் ஹைப்பர்லிபீமியா. சாப்பாடு திடீரென்று நின்றால் குண்டுப் போனியின் உடம்பு சேமித்த கொழுப்பை மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். கல்லீரல் திணறிப் போகும். போனி சோர்ந்து, தலையைத் தொங்கப்போட்டு, தீவனத்தைத் தொடாமல் நிற்கும், சாணம் குறையும். உயிரிழப்பு அதிகமுள்ள நோய் இது. ஷெட்லாண்ட் போனிகளுக்கும் கழுதைகளுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். "ஒரு நாள் பட்டினி போட்டால் என்ன ஆகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குண்டுப் போனி ஒரு வேளைத் தீவனத்தை ஒதுக்கினாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புல்லை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பலரும் முதலில் செய்வது நேரத்தைக் குறைப்பது. "முழு நாள் விட்டேன், இனி மூன்று மணி நேரம்தான்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போனி கெட்டிக்காரப் பிராணி. நேரம் குறைவு என்று ஒரு சில நாளிலேயே புரிந்துகொண்டு, தலையைத் தூக்காமல் அள்ளி அள்ளித் தின்னும். இப்படிப் பழகிய போனிகள் மூன்றே மணி நேரத்தில் உடல் எடையில் கிட்டத்தட்ட 1 சதவீதம் உலர்பொருளைத் தின்றுவிட்டது ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்தே 1.5 சதவீதம் என்று கணக்குப் போட்டோம், அதில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மீதி 21 மணி நேரத்துக்குக் கொஞ்சூண்டு உலர்புல்லை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், வெறும் வயிற்றில் அமிலம் சுரந்து புண்ணும் வரும். நேரத்தை மட்டும் குறைப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வாய்க்கூடு நன்றாக வேலை செய்கிறது. அடியில் சிறு ஓட்டை உள்ள மேய்ச்சல் வாய்க்கூட்டைப் போட்டால், புல்லின் நுனி மட்டும் ஓட்டை வழியாக உள்ளே வரும், போனி அதைக் கடித்துக் கடித்துத் தின்னும். தின்னும் அளவு பெரிதும் குறையும். புல்லையும் வாய்க்கூட்டையும் பொறுத்து 30 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை குறையலாம். பார்க்கக் கொடுமையாக இருக்கிறதே என்று சிலர் வருந்துவார்கள். கூட்டத்தோடு நடந்து திரிந்து நாள் முழுக்க மேயும் போனிக்கு, தனியாக லாயத்தில் அடைபட்டிருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் சரியாகப் போட வேண்டும். மூக்குக்கும் வாய்க்கூட்டின் அடிக்கும் நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி, கன்னத்தில் உரசாத அகலம், எங்காவது மாட்டிக்கொண்டால் அறுந்து விடுவிக்கும் தலைக்கயிறு, இது மூன்றும் கட்டாயம். முதல் நாள் வீட்டு வாசலிலோ லாயத்திலோ போட்டு, ஓட்டை வழியாகக் கையால் புல் நுனிகளைக் கொடுத்து, அதுவாகவே கண்டுபிடிக்கட்டும். தண்ணீர் குடிக்கத் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தனியாக விட வேண்டும். முதலில் அரை மணி, அப்புறம் ஒரு மணி, இப்படியே ஏற்றலாம். புல் நாலைந்து விரற்கடையாவது உயரமாக இருந்தால்தான் ஓட்டைக்குள் நுழையும். தரையோடு ஒட்டிய புல்லில் வாய்க்கூடு போட்டுவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போனி எரிச்சலில் அதைப் பிய்த்துப் போடும். ஒரு நாளைக்கு 10, 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தினமும் கழற்றி உதடு, தாடை, காதுக்குப் பின்னால் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பிறகு அதே புல்லில் விட்டுவிடாதீர்கள், நாள் முழுக்கக் காத்திருந்ததை ஒரு மணி நேரத்தில் வசூல் செய்துவிடும்.

மின்வேலியை வைத்து வயலைப் பட்டைபட்டையாகப் பிரித்து, தினமும் ஓர் அடி, இரண்டடி மட்டும் முன்னால் நகர்த்தும் முறையும் நல்லது. தாராளமாக முழு வயலையும் கொடுத்த போனிகளைவிட, இப்படி மேய்ந்தவை குறைவாகவே எடை போட்டன. வேலியை நகர்த்தும் தூரத்தைப் புல்லின் வேகத்தைப் பார்த்து மாற்ற வேண்டும்: மே மாதத்தில் அரை அடி போதும், வறண்ட ஜூலையில் கூடுதலாக. பின்னால் மேய்ந்து முடித்த பகுதியில் முளைக்கும் குருத்தைப் போனி திரும்பிப் போய்த் தின்கிறதா என்றும் பாருங்கள். வயலுக்கு ஓய்வு தேவைப்பட்டால் பின்னாலும் ஒரு வேலி போடலாம்.

இடம் கொஞ்சம் இருந்தால் டிராக் முறையைத்தான் நான் முதலில் சொல்வேன். வயலின் ஓரமாகச் சுற்றிலும் சில மீட்டர் அகலத்தில் பாதை விட்டு உள்ளே மின்வேலி போட்டுவிடுங்கள். தண்ணீர் ஒரு மூலையில், உலர்புல் வலைகள் எதிர் மூலையில், ஒதுங்க நிழல் இன்னொரு பக்கம். போனி தின்ன நடக்க வேண்டும், குடிக்க நடக்க வேண்டும். நடுவில் வளரும் புல்லை அறுத்து உலர்புல்லாக்கலாம், அல்லது குளிர்காலத்துக்கு நிற்கவிடலாம்.

புல்லே இல்லாத பட்டியில் விட்டு உலர்புல் போடுவதும் ஒரு வழி. இதில் ஒரு ஏமாற்று உண்டு. தரையோடு மொட்டையாகத் தெரிகிற வயலில் புல் இல்லை என்று நினைத்துவிடுவோம். போனி பல்லால் சுரண்டி, வளர வளரத் தின்றுகொண்டேதான் இருக்கும். புல்லின் அடித்தண்டில்தான் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை அதிகம் சேர்கிறது, அதனால் ஒட்டச் சுரண்டிய புல் உயரமான முதிர்ந்த புல்லைவிட ஆபத்தாகலாம். அதோடு பசித்த போனி வேலியோரத்தில் தொடக்கூடாததையெல்லாம் தொடும். கோடையில் மஞ்சள் பூ பூக்கும் ராக்வோர்ட் கல்லீரலை அரிக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் விழும். சிகமோர் மரத்தின் இறக்கை விதைகளும், வசந்தத்தில் முளைக்கும் அதன் நாற்றுகளும் தசைகளைச் சிதைத்துக் கொல்லக்கூடிய விஷம். மொட்டைப் பட்டியில் விட்டால் உலர்புல் தராமல் விடவே கூடாது, பக்கத்தில் சிகமோர் இருந்தால் அந்தப் பட்டியே வேண்டாம்.

எந்த நேரம் விடலாம்?

புல் பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது, இரவில் அதைச் செலவழித்து வளர்கிறது. ஆகவே வெயில் நாளில் பிற்பகலிலிருந்து சாயங்காலம் வரை சர்க்கரை உச்சத்தில் இருக்கும், விடியும் முன் குறைவாக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு விட்டு, காலை எட்டு ஒன்பது மணிக்குள் உள்ளே கொண்டுவருவது பொதுவாக நல்லது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நள்ளிரவு சரிப்படாது, இரவு படுக்கப் போகும் முன் விட்டு விடியலில் எடுத்தாலும் பிற்பகலைவிட மேல்தான்.

உறைபனி விழுந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். 5 டிகிரிக்குக் கீழே புல் வளராது, ஆனால் வெயில் அடித்தால் சர்க்கரை மட்டும் செய்துகொண்டே இருக்கும், செலவாகாமல் தேங்கும். பளீரென்று வெயில் அடிக்கும் உறைபனிக் காலைதான் மிக மோசம். பனி உருகும் வரை விடாதீர்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு ஒரு மழை பெய்து புல் சட்டென்று பச்சையாகும் நாட்களும், செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது வளர்ச்சியும் வசந்தத்துக்குச் சற்றும் குறையாதவை. இலையுதிர் காலத்தில்தான் எல்லோரும் அசந்துவிடுகிறார்கள்.

உலர்புல், வைக்கோல், வாளி

முதிர்ந்து அறுத்த, தண்டு அதிகமுள்ள உலர்புல்லை வாங்குங்கள். ஹேலேஜ், அதாவது அரைகுறையாக உலர்த்திக் காற்றுப் புகாமல் பொதிந்த புல், பெரும்பாலும் சக்தி கூடியது, குண்டுப் போனிக்கு வேண்டாம். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். எவ்வளவு என்பது புல்லுக்குப் புல் மாறும், எனவே ஊறவைத்துவிட்டோம் என்பதற்காக அளவில்லாமல் போடக் கூடாது. குளிர்காலத்தில் இரவு முழுக்க ஊறலாம். வெயில் காலத்தில் ஓரிரு மணி நேரம் போதும், அதற்கு மேல் புளித்து நாறும். ஊறியதும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, அந்தப் பழுப்புத் தண்ணீரைப் போனி குடிக்காத இடத்தில், ஓடைக்குப் போகாமல் கொட்டுங்கள். ஊறும்போது உலர்பொருளும் கரைவதால், ஊறவைக்கும் முன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எடை போட வேண்டும்: 4 கிலோ என்றால் 4.8 கிலோ. ஆவியில் வேகவைப்பது தூசிக்கு நல்லது, சர்க்கரைக்கு அதை நம்ப முடியாது.

ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோலைக் கலப்பது இன்னும் பலருக்குத் தெரியாத நல்ல வழி. கலோரி மிகக் குறைவு, மெல்ல நிறைய நேரம் ஆகும். மொத்தத் தீவனத்தில் கால் பங்கில் தொடங்கி, சில வாரங்களில் மெதுவாகப் பாதி வரை ஏற்றலாம். பல் சரியில்லாத கிழப் போனிக்கும், முன்பு குடல் அடைப்பு வந்ததற்கும் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். சுத்தமான, பூசணம் இல்லாத வைக்கோலாக இருக்க வேண்டும்.

சின்ன ஓட்டை வலைகளில் போட்டு, ஒரே வலையாகத் தொங்கவிடாமல் மூன்று நான்கு இடங்களில் பிரித்துக் கட்டுங்கள். நாலு கிலோவை நாள் முழுக்க நீட்டிப்பதில் பாதி வெற்றி இந்த வலைகளில்தான் இருக்கிறது.

வாளியில் தானியம், மொலாசஸ் என்ற சர்க்கரைப்பாகு கலந்த கலவை எதுவும் வேண்டாம். ஆனால் விட்டமின், தாதுக்கள், புரதம் அடங்கிய பேலன்ஸர் தினமும் ஒரு கைப்பிடி தேவை. ஊறிய உலர்புல்லிலும் வைக்கோலிலும் தாமிரம், துத்தநாகம், விட்டமின் ஈ போன்றவை போதாது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைப் போனியின் எடைக்குப் பார்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்கும் ஆப்பிளையும் கேரட்டையும் நிறுத்தி, பேலன்ஸர் உருண்டைகளில் நாலைந்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், போனிக்கும் சந்தோஷம், பிள்ளைக்கும் சந்தோஷம். பலரின் குதிரைகள் நிற்கும் பொது லாய வளாகமான யார்டில் வைத்திருந்தால் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பாவம் பார்த்துத் தின்னக் கொடுப்பவர்கள் எல்லா யார்டிலும் உண்டு.

வேலை கொடுங்கள்

கால் நன்றாக இருக்கிறது, மருத்துவர் சம்மதித்துவிட்டார் என்றால் வாரத்தில் ஐந்து நாள், 20, 30 நிமிடம், அதில் ஒரு பகுதியாவது வியர்வை வரும் அளவுக்குத் துள்ளுநடை. சவாரி செய்த பிள்ளை வளர்ந்துவிட்டால் போனிக்கு வேலையே இல்லாமல் போய்விடும், எடை ஏறுவது பெரும்பாலும் அந்த வருடத்தில்தான். கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் நடத்தலாம், நீண்ட கயிறுகளை வைத்துப் பின்னால் நடந்து ஓட்டலாம், வண்டி இழுக்கப் பழக்கலாம், இன்னொரு குதிரையில் நீங்கள் ஏறிக்கொண்டு போனியைப் பக்கத்தில் கூட்டிப் போகலாம். லேமினைட்டிஸ் வந்து ஆறாத போனிக்கு இதில் எதுவும் கூடாது.

லேமினைட்டிஸ் அறிகுறிகள்

குறுகிய அடிகள், கல்மேல் நடக்கத் தயக்கம், திரும்பும்போது காலை எடுத்து வைக்க யோசிப்பது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருப்பது, முன்னங்கால்களை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்பது. குளம்புக்கு மேலே, கணுவின் இருபுறமும் பின்பக்கமாக விரலை வைத்தால் நாடி விம்மித் துடிக்கும். நல்ல நாளில் அந்த நாடியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம், அதனால் நல்ல நாட்களிலேயே தினமும் தொட்டுப் பழகுங்கள், வித்தியாசம் கைக்குத் தெரியும்.

சந்தேகம் வந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், இது அவசரம். வலுக்கட்டாயமாக நடத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் லாயத்தில், சுவர் ஓரம் வரை ஆழமாக மரத்தூள் படுக்கை போட்டு நிறுத்துங்கள். ஊறிய உலர்புல்லும் தண்ணீரும் இருக்கட்டும். மருத்துவரோடு லாடக்காரரும் சேர்ந்து எக்ஸ்ரே பார்த்துக் குளம்பைச் செதுக்க வேண்டியிருக்கும்.

குளிர்காலத்தை வீணாக்காதீர்கள்

வருடம் முழுவதற்குமான வேலையில் மிக எளிதான பகுதி இதுதான், பெரும்பாலானவர்கள் கைவிடுவதும் இதைத்தான். நாட்டுப் போனியின் குளிர்கால ரோமம் இரட்டை அடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி மழையை வடித்துவிடும், கீழே மெத்தென்ற அடுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். இப்படிப்பட்ட பிராணிக்குப் போர்வை போடுவது, கொழுப்பைக் கரைத்து வெப்பமாக்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுதான். காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓர் இடம், போதுமான நார், அவ்வளவு போதும். நல்ல குண்டு, ஆரோக்கியமான போனி என்றால் ரோமத்தைக் கொஞ்சம் கத்தரித்தும் விடலாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மதிப்பெண் 3-இல் குளிர்காலத்துக்குள் போய், பிப்ரவரி, மார்ச்சில் 2 அல்லது 2.5-இல் வெளியே வந்தால் பிரமாதம். விலா எலும்பு லேசாகத் தெரிகிறதே என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். டேப்பையும் கையையும் நம்புங்கள், வாளியைத் தூக்காதீர்கள். நீண்ட ரோமத்தின் அடியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று வாரா வாரம் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது. கிழப் போனிகள் ரோமத்துக்குள் எலும்பாகிப் போவதும் உண்டு.

எல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால்

ஆறு வாரம் கடந்தும் டேப் நகரவில்லை என்றால் முதலில் தராசைச் சரிபாருங்கள், பிறகு வேலியைச் சுற்றி ஒரு நடை போங்கள். பாதிப் போனிகள் மின்வேலிக்கு அடியில் தலையை விட்டுப் பக்கத்து வயலை மேய்ந்துகொண்டிருக்கும். வாய்க்கூட்டைக் கூட்டாளிக் குதிரை கழற்றிவிடுகிறதா என்றும் ஒளிந்து நின்று பாருங்கள், அவற்றுக்கு அது விளையாட்டு. அதெல்லாம் சரியாக இருந்தால் புல்லை முழுக்க நிறுத்தி, எடை போட்ட ஊறிய உலர்புல்லில் சில வாரங்கள் வைத்து, மருத்துவரிடம் இன்சுலினை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சில போனிகள் உணவை 1.5 சதவீதத்தில் நிறுத்தினாலும் அசையாது, அவற்றுக்கு மருத்துவர் அளவை இன்னும் குறைப்பார், தேவைப்பட்டால் இன்சுலினைக் குறைக்கும் மருந்தும் தருவார். மருந்து கொடுக்கும் காலத்தில் ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறதா என்று அவர் சொல்கிற இடைவெளியில் பரிசோதனை செய்ய வேண்டும், அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.